ஈரத்தைக் கழித்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாகர்கோவிலில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்கக் கருவி வைப்பவர்கள் முதலில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். கடலோரக் காற்றில் நீராவி 3 சதவீதம் இருப்பது சாதாரணம். உலர்ந்த காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருந்தால், அந்த ஈரத்தோடு அளக்கும்போது, நீராவியும் இடம் பிடிப்பதால், 407 என்றுதான் காட்டும். அந்த 13 பிபிஎம், உலகக் காற்றில் ஐந்தாறு ஆண்டுகளில் கூடும் அளவு! காற்றை உலர்த்தி உள்ளே விடுங்கள். இல்லையேல் நீராவியையும் சேர்த்தளந்து கணக்கிடுங்கள். உலர்த்துவதற்கு ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்தால், அவை இளஞ்சிவப்பானதும் மாற்றியாக வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அவை சீக்கிரமே நிறம் மாறிவிடும்.

விலை குறைந்த சென்சார்கள் பல, சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே 400 என்று தாமாக வைத்துக்கொள்கின்றன. தாமாகத் திருத்திக்கொள்ளும் இந்த வசதியை அணைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு அளவு தெரிந்த வாயு சிலிண்டரைக் கொண்டு சரிபார்ப்பதே முறை.

காற்றிழுக்கும் குழாயை வடசேரி பேருந்து நிலையப் புகைக்கு நேரே வைக்காமல், உயரமான மொட்டைமாடியில் வையுங்கள். இரவில் காற்று அசையாமல் தரையோடு தேங்குவதால் விடியற்காலையில் அளவு ஏறும். வெயில் ஏறி கடல்காற்று வீசியதும் இறங்கும். எனவே நண்பகலில் ஒருமுறை மட்டும் அளந்து, அதை ஊரின் அளவு என்று வெளியிட வேண்டாம்.

- வாசகர், நாகர்கோவில்