கோரிக்கை மனு: காலி ஸ்பிரே டப்பாக்களைப் போட ஓர் இடம் வேண்டி

அனுப்புநர்
மரச்சாமான் பட்டறைக்காரர்கள் (7 பேர்),
ஊருணி வடகரை,
செட்டிநாட்டுப் பகுதி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்.

பார்வை: ஏற்கெனவே நேரில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தைப்பூசப் பாதயாத்திரைக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தபோது இங்கே நின்று மோர் குடித்துவிட்டுப் போனீர்கள். பெரிய வீடுகளை இடிக்கும்போது வரும் பர்மாத் தேக்குக் கதவு, நிலை, அலமாரிகளைச் சுரண்டிப் பாலிஷ் போட்டு விற்பது எங்கள் தொழில். முன்பு துணியும் பிரஷ்ஷும் போதும். இப்போது லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சு, பெயிண்ட், கீலுக்குத் துரு நீக்கி என்று எல்லாமே ஸ்பிரே டப்பாவில் வருகிறது. ஏழு பட்டறைக்கும் சேர்த்து மாதம் 100 டப்பா காலியாகிறது. அதைப் போட இடமில்லை என்பதுதான் எங்கள் குறை.

1. காலி என்று சொல்கிறோமே தவிர, பெயிண்ட் நின்ற பிறகும் உள்ளே கேஸ் தங்குகிறது. பெரும்பாலும் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே பியூட்டேன், புரொப்பேன்தான். 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே, தீர்ந்த பின்பும் துளையிடாதே, எரிக்காதே என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது.

2. எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். கடைசிவரை அடித்துத் தீர்த்து, மூடி போட்டு, இரும்புப் பீப்பாயில் அடுக்கி, ஈரத்தரையில் படாமல் பலகை மேல் நிழலில் வைக்கிறோம். எண்ணெய்ப் பாலிஷ் துடைத்த துணியை அந்தப் பக்கமே விடுவதில்லை. ஆளிவிதை எண்ணெய்த் துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம்.

3. ஐப்பசியிலேயே இரண்டு பீப்பாயும் நிரம்பிவிட்டன. மீதி ஒன்பது சாக்குகளில், இதை எழுதும் என் பட்டறையின் பின்புறத் தகரக் கொட்டகையில் கிடக்கின்றன. வேறு நிழல் கிடையாது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட முடியாது. சூடு தணியட்டும் என்று மேலே ஈரச் சாக்கு போர்த்தினேன். அதில் டப்பாவின் அடி துருப்பிடித்தது. காய விட்டால் சூடு, நனைத்தால் துரு, நான் எதைச் செய்ய? போன மாதம் ஒரு டப்பாவைத் தூக்கினேன், அடித் தகடு பிஸ்கட் மாதிரி விரலோடு வந்துவிட்டது. உஸ்ஸென்று சத்தம், கேஸ் வாடை. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்து மூலையில் தேங்கும். பத்தடி தள்ளி எங்கள் பையன் கிரைண்டர் சுவிட்சில் கை வைத்திருந்தான். நான் போட்ட கூச்சலில் கையை எடுத்தான். அன்று முழுக்க மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஐயா, அந்தக் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பால்வாடி. பிள்ளைகள் பாட்டுப் பாடுவது இங்கே கேட்கும். சாக்கை வேறு எங்கே நகர்த்துவது என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

4. பேட்டரி வண்டியில் போட்டால், மக்காத குப்பையில் இது சேராது என்று திருப்பித் தருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கை அவர்கள் கை. பழைய இரும்புக் கடைக்காரர், சம்மட்டி போட்டால் வெடிக்கும் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், அபாயகரமான கழிவு, வேறு அலுவலகம் போ என்றார்கள். அங்கே போனால், சின்னப் பட்டறைதானே, உள்ளாட்சியில் கேள் என்றார்கள். ஒருவர் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்பச் சொன்னார். 400 கிலோமீட்டருக்கு மேல் ஐயா, ஒன்பது சாக்குக்கு!

5. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று வீட்டு அபாயகரக் கழிவு சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அது வீட்டுக்குத்தானே, பட்டறைக்கு எப்படிப் பொருந்தும் என்று எழுத்தர் கேட்டார். சரி, வீட்டுக்காவது இருக்கிறதா? கொசு ஸ்பிரே, சென்ட் டப்பா, ஷேவிங் நுரை டப்பா வாங்காத வீடு இந்த ஊரில் எது?

6. ஊருணிக்கரைக் குப்பைக்கு யாரோ தீ வைத்ததில் ஒரு டப்பா வெடித்து, தூய்மைப் பணியாளர் அம்மா காலடியில் வந்து விழுந்தது. அது எங்களுடையதா என்று விசாரிக்க மட்டும் ஆள் வந்தது. எங்களுடையதாகவும் இருக்கலாம். வைத்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எங்களில் ஒருவர் போட்டிருக்கலாம். அதற்குத்தானே இடம் கேட்கிறோம்?

7. ஆன்லைனில் போட்ட புகாருக்குத் "தீர்வு காணப்பட்டது" என்று செய்தி வந்தது. சாக்கு ஒன்பதும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே, மாதம் ஒரு நாள் குறித்து ஒரு வண்டி அனுப்புங்கள், அல்லது உரக்கிடங்கில் பூட்டுள்ள, காற்றோட்டமான ஓர் அறை ஒதுக்குங்கள். பீப்பாய் நாங்கள் வாங்கித் தருகிறோம், ஏற்றி இறக்க ஆளும் தருகிறோம், கட்டணம் சொன்னால் கட்டுகிறோம். இரண்டும் முடியாதென்றால், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரே ஒரு வரி எழுத்தில் தாருங்கள். அக்கினி நட்சத்திரம் தொடங்கும் முன் அந்தச் சாக்குகளை எடுக்க வழி செய்யுமாறு மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து அந்தத் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஊருணி வடகரைப் பட்டறைக்காரர்கள்

இணைப்பு: மனு ரசீது நகல் 3, கொட்டகைப் படம் 2, அடி கழன்ற டப்பாவின் படம் 1 (டப்பாவைக் கொண்டுவரப் பயமாக இருக்கிறது).