கடற்காற்றும் முப்பது சிப்பாய்களும்

தண்டையார்பேட்டை,
பங்குனிக் கடைசி

அன்பு மாப்ள முரளிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ கோயம்புத்தூரை விட்டுத் திருவொற்றியூருக்கே திரும்பிவிட்டாய் என்றதும் ஞாயிற்றுக்கிழமை வார்ஹாமர் கோஷ்டிக்கு ஒரே குஷி. பெரம்பூர் மாடியில் இன்னும் அதே மேஜைதான். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இருவரும் கேரம் ஆடி வந்தவர்கள், தூரம் கணிப்பதில் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறார்கள்.

நீ கேட்டது இரண்டு. மே மாத ஆட்டத்துக்குள், மேஜைமேல் நகர்த்திப் போர் ஆடும் முப்பது குட்டிச் சிப்பாய் உருவங்களுக்கு எப்படி வண்ணம் பூசி முடிப்பது? கோவையில் நன்றாக வந்த ஸ்ப்ரே இங்கே ஏன் வெள்ளை பூக்கிறது? இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். அது தீராமல் முப்பதையும் வரிசையில் நிறுத்தினால் முப்பதும் ஒரே நாளில் போய்விடும்.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு சட்டென்று குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தில் நீர் படிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீ பார்க்கும் வெள்ளை அதுதான். வார்னிஷில் இது அதிகம். ப்ரைமரில் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வருவது வேறு கோளாறு: வெயிலும் காற்றும் கடுமையாக இருந்தால் துளிகள் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்து மணல் மணலாக ஒட்டும். நம் ஊரில் இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

விடியற்காலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இறங்கும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏறும். ஆகையால் உனக்குக் கிடைப்பது காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி மொட்டை மாடிக் கதவருகே மாட்டு. 70 சதவீதத்தைத் தாண்டினால் கேனைத் தொடாதே. ஐப்பசி, கார்த்திகையில் அந்த இரண்டு மணி நேரமும் கிடைக்காது. அப்போது பிரஷால் பூசும் அக்ரிலிக் ப்ரைமர்தான் கதி. மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிட வேண்டும்.

ஏற்கெனவே வெள்ளை பூத்துவிட்டதைத் தூக்கிப் போட்டுவிடாதே. காய்ந்த நாளில் மேலே ஒரு மெல்லிய பளபள வார்னிஷ் கொடு. பெரும்பாலும் நிறம் திரும்பி வந்துவிடும். பிறகு மேட் வார்னிஷைப் பிரஷால் பூசிப் பளபளப்பை அடக்கலாம்.

இப்போது முப்பதுக்கு வருகிறேன். நீ எழுதியபடி பார்த்தால் இருபது பேர் துணிச் சீருடைக் காலாட்கள், பத்து பேர் கனமான கவசக்காரர்கள். இரண்டு வகைக்கும் ஒரே வழியில் போகாதே. ஆனால் இரண்டுக்கும் ஒரு விதி பொது: எதைப் பூசாமல் விடப்போகிறாய் என்று பிரஷைத் தொடும் முன்பே முடிவு செய். 2,000 புள்ளி ஆட்டத்துக்கு (படையின் அளவைக் குறிக்கும் புள்ளி) குறைந்தபட்ச மேஜை 44க்கு 60 அங்குலம். எதிராளி உன் சிப்பாயை மூன்று அடிக்கு அப்பாலிருந்துதான் பார்க்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது தலை, தோள், துப்பாக்கி, காலடி பேஸ், அவ்வளவுதான். வார்ஹாமர் 40,000 விதிப்படியே, முக்கியமான பகுதிகளுக்கு நிறமும் பேஸுக்கு எளிய முடிப்பும் இருந்தால் படை ஆட்டத்துக்குத் தயார். ஆட்டத்தில் எடுக்கக்கூடிய 100 வெற்றிப் புள்ளியில் 10 அதற்கே கிடைக்கிறது. கண்ணுக்குள் கருவிழி வரைந்தவனுக்கும் அதே 10தான்.

இதனாலேயே, தலைகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஹெல்மெட் தலைகளையே ஒட்டு. ஒரு முகத்துக்கு ஆகும் நேரத்தில் மூன்று ஹெல்மெட் முடிந்துவிடும். சார்ஜென்ட்டுக்கு மட்டும் முகம் தெரியட்டும்.

துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டியதும், அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் நிற்கும் அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டு. அவசரத்தில் எல்லாரும் தாவிவிடும் வேலை இது. டிரை பிரஷ் செய்யும்போது (பெயின்ட்டைத் துடைத்தெடுத்த பிரஷால் உரசுவது) மேடான இடமெல்லாம் வெளுக்கும், அச்சுக்கோடும் ஒரு மேடுதான். ஹெல்மெட் நடுவில் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். 3டி பிரிண்டரில் அச்சடித்த ரெசின் உருவமென்றால் அடுக்குக் கோடுகளும் இப்படியே எழும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை அலசி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு புற ஊதா வெளிச்சத்தில் கெட்டிப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்கு. அரைகுறையாக விட்டால் மேலே பிசுபிசுத்துப் பெயின்ட் உரியும். துப்பாக்கியைத் தனியே பூசி ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், முழுசாக ஒட்டிவிடு. பிரஷ் எட்டாத இடம் கண்ணுக்கும் எட்டாது. அங்கே கறுப்பு ப்ரைமரே நிழலாக நிற்கும்.

ப்ரைமர் அடிக்க ஒரு நீள அட்டையில் டபுள் டேப் ஒட்டி, பத்துப் பத்தாக நிறுத்து. கேனை இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்கு. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசு. ஒரே இடத்தில் நின்று அடித்தால் விவரமெல்லாம் மூழ்கிவிடும். டூ வீலர் டச்சப்புக்கு விற்கிற மேட் கறுப்பு ஸ்ப்ரேயும் பிளாஸ்டிக்கில் ஒட்டும். அதில் கரைப்பான் காரமாக இருப்பதால் தூவல் தூவலாக மட்டும் அடி, முதலில் வெறும் ஸ்ப்ரூத் துண்டில் பார்த்துவிடு. பக்கத்தில் ஆட்ட மேஜைக்குச் செய்த தெர்மாகோல் சுவர், கட்டடம் எதையும் வைக்காதே, உருகிவிடும்.

இருபது காலாட்களுக்குக் கறுப்பு ப்ரைமர், அதன்மேல் சாம்பல், அதன்மேல் வெள்ளை. பாரிமுனை ஃபேன்ஸி மொத்தக் கடைகளில் கிடைக்கும் உருண்டை மேக்கப் பிரஷ் போதும். விலையுயர்ந்ததை இதற்குக் கொண்டுவந்து நாசமாக்காதே. பெயின்ட்டை எடுத்து, அட்டையில் தேய்த்து, கிட்டத்தட்ட ஒன்றும் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவந்து, நடுச்சாம்பலை எல்லாப் பக்கமும் வட்டமாகத் தேய். வெள்ளையை மேலிருந்து கீழ்நோக்கி மட்டும், சப்பாத்திப் பலகையில் மாவு தூவுகிற அளவுக்கு. தலை, தோள், முட்டி வெளுக்க வேண்டும். தொடைக்கு உள்பக்கம் கறுப்பாகவே இருக்கட்டும். இந்தக் கட்டத்தில் பத்து உருவத்துக்கு அரை மணி நேரம் தாராளம்.

அதன்மேல் கண்ணாடி மாதிரி ஊடுதெரியும் பெயின்ட். 2019இல் வந்த கான்ட்ராஸ்ட், அதற்குப் பின் வந்த ஸ்பீட்பெயின்ட் வகையெல்லாம் இதுதான். மேட்டில் மெல்லிசாக, பள்ளத்தில் அடர்த்தியாக நின்று தானே நிழல் கொடுக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கு, அடியில் நிறமி தங்கியிருக்கும். ஸ்பீட்பெயின்ட் எடுத்தால் 2023இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பார்த்து வாங்கு. 2022இன் முதல் பதிப்பு காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து மேலே பூசும் நிறத்தோடு கலக்கும்.

இதில் கவனம் தேவைப்படுவது தேக்கம். பிரஷ் நிறைய எடுத்து ஒரு காலை, ஒரு கையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மூட்டிலும் பூட்ஸ் ஓரத்திலும் குளம் கட்டியதை ஈரப் பிரஷால் உடனே உறிஞ்சி எடு. ஒரு நிமிடம் தாண்டி அதில் கைவைத்தால் தோல் கிழிந்த மாதிரி திட்டு விழும். அங்கேயே விட்டுவிடுவது மேல். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யாதே, காயும்போது ஓரத்தில் வளையம் வளையமாகக் கறை தங்கும். அதற்கென்று விற்கும் மீடியத்தையே கல. சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடு. வியர்க்கத்தான் செய்யும், ஆனால் ஃபேன் காற்றில் பாதி காலில் பெயின்ட் காய்ந்து கோடு விழுவதற்கு அது பரவாயில்லை. மஞ்சளும் வெளிர் ஆரஞ்சும் கறுப்பின்மேல் எடுபடாது. அந்த நிறம் வேண்டுமென்றால் அங்கே வெள்ளையைக் கொஞ்சம் தாராளமாகத் தேய்த்து வைத்துக்கொள்.

ஒரு சமயத்தில் பத்தே போதும். பத்தாவது காலாளின் சட்டை முடியும்போது முதலாமவன் காய்ந்திருப்பான், நேராக அவன் பேன்ட்டுக்குப் போகலாம். ஐந்தென்றால் காத்திருக்க வேண்டும். முப்பதையும் ஒன்றாகப் பரப்பினால் சலித்துப்போய்ப் பாதியில் மூடிவைப்பாய். நிறம் மூன்று, தோல் வார்களுக்கு ஒரு பழுப்பு, ஒரு உலோகம், அதோடு நிறுத்து. துப்பாக்கி உடல் கறுப்பாகவே இருக்கட்டும். விளிம்பில் வெள்ளியை லேசாக உரசி, அதன்மேல் மட்டும் கறுப்பு வாஷ் (பள்ளத்தில் இறங்கி நிற்கும் நீர்த்த பெயின்ட்). சட்டைக்கும் வாஷ் கொடுக்காதே, ஏற்கெனவே நிழல் இருக்கிற இடத்தில் இன்னொரு நிழல் விழுந்து சேறாகிவிடும். ஹெல்மெட் லென்ஸுக்குப் பச்சையோ சிவப்போ ஒரு புள்ளி, மேல் மூலையில் வெள்ளைப் பொட்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல பிரஷ் எடு.

கவசக்காரர்கள் பத்துப் பேருக்கு மேலே சொன்ன வழி சரிவராது. பெரிய சமதளத் தகட்டில் ஊடுதெரியும் பெயின்ட் திட்டுத் திட்டாக நிற்கும். அவர்களுக்கு நேராக நிற ஸ்ப்ரே. ரெட் ஆக்ஸைடு மாதிரி ஒரு செங்கல் சிவப்பு உன் சீருடைச் சாம்பலுக்குப் பொருந்தும் (நிறத்தைத்தான் சொல்கிறேன், வாசல் இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் டின்னைத் திறந்துவிடாதே, அது தடிமனாக மூடிவிடும்). காய்ந்ததும் தகடுகளின் இடுக்கில் மட்டும் பழுப்பு வாஷை இழு. வழிந்ததை உடனே துடை. பிறகு பேக்கிங் ஃபோமைப் பிய்த்து, அடர்ந்த பழுப்பைத் தொட்டு, அட்டையில் ஒற்றிவிட்டு, விளிம்புகளில் ஒற்று. எங்கே ஒற்றுவது என்று சந்தேகம் வந்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர்களைப் பார். துரு மூலையிலும் கீழ் விளிம்பிலும் பூட்டுக் கம்பியைச் சுற்றியும்தான் இருக்கும், நடுத் தகட்டில் அபூர்வம். நம்மூர்ப் பிள்ளைகள் துருவில் தோற்கக் கூடாது.

பேஸுக்கு எம்-சாண்ட். டீ வடிகட்டியில் சலித்தால் பொடி கீழே, கல் மேலே. இரண்டும் பயன்படும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பூசி மணலில் முக்கு, இரவு முழுக்க விடு. காசிமேட்டு மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிவராதே. உப்பு ஈரத்தை இழுத்துப் பெயின்ட்டைத் தூக்கும். அள்ளியே ஆவேனென்றால் நாலைந்து தண்ணீரில் அலசிக் காயவை. டீத்தூள் சக்கையைச் சிலர் சொல்வார்கள், நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். படை இருட்டாக இருப்பதால் பேஸ் வெளிர் மண் நிறமாக இருக்கட்டும். ஓரத்தைச் சுத்தமாகக் கறுப்படி. அந்தக் கறுப்பு வளையம் ஒன்றே மொத்தப் படையையும் ஒழுங்காகக் காட்டும்.

பூசும் நேரம் முழுக்க உருவத்தை விரலால் தொடாதே. காலி மாத்திரை டப்பா மூடியில் ப்ளூ டேக் (களிமண் மாதிரி ஒட்டும் பசை) வைத்து நிறுத்து. ஊடுதெரியும் பெயின்ட் மென்மையானது. வியர்வைக் கை பட்டால் தோள்பட்டையிலிருந்து முதலில் தேயும். அதனாலேயே வார்னிஷ் கட்டாயம். அதை நீ ஸ்ப்ரேயில் அடிக்கவே வேண்டாம், தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷைப் பெரிய மென்பிரஷால் மெல்லிசாக இரண்டு தரம் பூசு. நுரை வராமல் இருக்க, பாட்டிலைக் குலுக்காமல் புரட்டிப் புரட்டிக் கலக்கு. காயும்வரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவை. உன் தெருத் தூசி ஈர வார்னிஷில் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது.

இப்படிப் போனால் காலாளுக்கு முப்பது, நாற்பது நிமிடம் கணக்கு வரும். கவசக்காரன் அதற்கும் குறைவு. காயும் நேரம் தனி.

பெரம்பூருக்கு பஸ்ஸில் கொண்டுவரப் போகிறாய் என்றால், பேஸுக்கு அடியில் 5க்கு 2 மில்லிமீட்டர் காந்தம் ஒன்று ஃபெவிக்விக்கால் ஒட்டி, தகர டப்பாவுக்குள் நிறுத்திக் கொண்டுவா. காந்தத்தைப் பெயின்ட் வேலையெல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டு. மூடிய இடத்தில் ஃபெவிக்விக் ஆவி பட்டால் வார்னிஷ்மேல் மறுபடி வெள்ளை படியும். டப்பாவின் உள்பக்கம் கடல் ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கோட் எனாமல் அடித்துவை. சார்ஜென்ட்டின் முகத்துக்கு என்ன நிறம் எடுக்கிறாய் என்று எழுது, என்னிடம் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சேகர்