ஞாயிறு பேச்சு: டாக்டர் ரூத்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் குழுவில் பேசப்போவது 2024 ஜூலையில் 96 வயதில் நியூயார்க்கில் காலமான, 'டாக்டர் ரூத்' என்று அமெரிக்காவில் புகழ்பெற்ற பாலியல் ஆலோசகர் ரூத் வெஸ்ட்ஹைமரைப் பற்றி.

1928இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஒற்றைப் பிள்ளை. அப்பாவை நாஜிகள் பிடித்துப்போன பிறகு, 1939 ஜனவரியில் பத்து வயதில் தனியாக சுவிட்சர்லாந்துக்கு ரயிலேற்றப்பட்டார். கையில் இருந்த பொம்மையை, வழியில் அழுத சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். பெற்றோரை அப்புறம் பார்க்கவேயில்லை. அங்கே அவர் இருந்த விடுதியில் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலைதான் பயிற்சி, மேல்படிப்பு பையன்களுக்கு. இவர் தோழனின் பாடப்புத்தகத்தை ராத்திரியில் இரவல் வாங்கிப் படித்தார்!

போருக்குப் பிறகு பாலஸ்தீனத்தில் யூதப் படையில் குறிபார்த்துச் சுடப் பயிற்சி, 1948இல் குண்டுவெடிப்பில் காலில் படுகாயம், பாரிஸில் படிப்பு என்று சுற்றிவிட்டு 1956இல் அமெரிக்கா. வீட்டுவேலை செய்து, மகளை வளர்த்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வானொலி: 1980இல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி 15 நிமிடம். நாலரை அடி உயரம், மாறாத ஜெர்மன் உச்சரிப்பு, தாம்பத்திய உறவு பற்றிய கூச்சமில்லாத பேச்சு. ஊரே விழித்திருந்து கேட்டது.

என்னைக் கேட்டால், 95 வயதில் தனிமையைப் போக்கும் கௌரவத் தூதராக நியூயார்க் மாநிலம் அவரை நியமித்ததுதான் பெரிய விஷயம். அதையே முதலில் பேசலாம். கூச்சப்படுபவர்கள் கேள்வியை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெயர் சொல்லாமல் வாசிக்கிறேன்.