கோரிக்கை மனு: ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேண்டும்

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: அரசுப் பள்ளி மாணவ மாணவியரின் மனநலனுக்காக ஒன்றியத்துக்கு ஒரு முழுநேரப் பள்ளி உளவியலாளரை நியமிக்கவும், அவர் குறித்த கிழமையில் பள்ளிக்கு வந்து போகவும் ஏற்பாடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறேன். ஒரு தடவை பள்ளிச் சுற்றுச்சுவருக்காக, இன்னொரு தடவை கழிப்பறைத் தண்ணீருக்காக. சுவர் முழுசாக வந்துவிட்டது, தண்ணீர் முக்கால்வாசி வந்திருக்கிறது. இப்போது கேட்பது கைகாட்டிக் காண்பிக்கிற பொருள் இல்லை. அதனால் மனு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிள்ளைகள் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பள்ளியின் பெயரை எழுதவில்லை.

நான் பீடி சுற்றுகிறவள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. 2024இல் மேலாண்மைக் குழுவை மாற்றியமைத்தபோது தலைவியானேன். கீழே வரும் சட்ட விவரங்களை எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எடுத்துத் தந்தார். மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தங்கள் அலுவலக வளாகத்திலேயே தண்ணீர் நின்ற அந்த வெள்ளத்தில், அவனும் அவன் ஆச்சியும் ஓர் இரவும் மறுநாள் பகலும் தட்டட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிப்போட்டிருந்த ஆடு இரண்டும் கத்திக்கொண்டே போனதை அவன் பார்த்திருக்கிறான். நிவாரணப் பணம் 6,000 ரூபாய் வந்தது, அரிசி வந்தது, பாடப்புத்தகம்கூடப் புதிதாகக் கொடுத்தார்கள். ஆனால் இன்றைக்கும் மழை இரைந்து பெய்தால், வகுப்பில் அவன் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொள்கிறான், புத்தகப்பையை மடியில் ஏற்றிக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். "ஏலேய், வெள்ளம் வருதுலே" என்று பின்வரிசையில் அவயம் போடுகிறார்கள். டீச்சர் "காலைக் கீழ போடுப்பா" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள்.

வீட்டில் "பயந்த கோளாறு" என்று சொல்லித் திருநீறு போட்டு, கையில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை, என் மகனுக்கும் நான் கட்டியிருக்கிறேன். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும், சாதி அடையாளக் கயிறு கட்டக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்தி எல்லார் கையிலும் இருந்ததை அறுத்தார்கள். அறுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவன் கயிறும் அந்தக் குவியலில் போய்விட்டது. அன்றைக்கு மதியம் அவன் வகுப்பிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அது எதற்குக் கட்டிய கயிறு என்று அவனிடம் கேட்க ஆளில்லை.

அதே வாரம் பைகளையும் சோதித்தார்கள். ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் பைக்குள் அரிவாள் வைத்துக் கொண்டுவந்து வகுப்பறையிலேயே கூடப் படிக்கிறவனை வெட்டி, தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்த பிறகு, சோதிக்காமல் இருந்தால்தான் தப்பு. எங்கள் பள்ளியில் கிடைத்தது மூன்று செல்போன், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கத்தரி. கத்தரி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியுடையது. ஆயுதம் என்று சொல்லி மேசையில் வைத்திருந்தார்கள். பிடியில் கிழிந்த சேலைத் துணி சுற்றி, நுனி மழுங்கி இருந்தது. பீடி இலை வெட்டுகிற கத்தரி என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஆச்சிக்குக் கண் தெரிவதில்லை, அதனால் இலை வெட்டுவது இவள். ஈரத்துணியில் இலையைச் சுற்றிக் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். "மத்தியானம் வெட்டிட்டா ராத்திரி சீக்கிரம் படுக்கலாம்லா" என்றாளாம். இவளுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி. இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தார்கள், கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. பள்ளியில் "டிமிக்கி" என்று முடிவுகட்டிவிட்டார்கள். கத்தரிக்காக என்னைக் கூப்பிட்ட அன்று சும்மா வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். லீவு எல்லாம் செவ்வாய், செவ்வாய், செவ்வாய் என்று விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமைதான் குழுக்கடன் தவணை வசூலிக்க ஆள் வரும் நாள். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அவர் சத்தம் போடுவார். ஆச்சியைத் தனியாக விட்டுவிட்டு வர இவளுக்குப் பயம். திங்கள் சாயங்காலமே வலி தொடங்கிவிடுகிறது. இதை அவள் முதலில் சொன்னது சத்துணவு சமைக்கும் அக்காவிடம். முட்டையை இரண்டு நாள் தொடாமல் வைத்ததைப் பார்த்து அந்த அக்கா கேட்டிருக்கிறார்.

ஐயா, எங்கள் பள்ளியில் இப்போது உளவியலாளர் வேலை பார்ப்பது அந்த அக்காதான். சம்பளத்தைத் தாங்கள் அறிவீர்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. எங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருக்கிறது, சீட்டுப் போடுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடமே பார்க்கும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 சுவரில் எழுதியிருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416, அதையும் எழுதியிருக்கிறது. ஆனால் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல், வீட்டில் இருக்கிற ஒரே போன் அம்மாவோடு திருப்பூரில். நடமாடும் ஆலோசனை வண்டியும் உண்டு. மாநிலம் முழுவதற்கும் பத்து வண்டி என்று தொடங்கியது. அது வந்து மரத்தடியில் முந்நூறு பிள்ளைகளை உட்காரவைத்து "தேர்வைக் கண்டு பயப்படாதீர்கள்" என்று பேசிவிட்டுப் போகும், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு நல்லபடியாக நடக்கிறது, ஆனால் அங்கே பிள்ளையைக் கூட்டிப்போனால் மறுநாள் ஊரில் என்ன பேர் வரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

மனநல மருத்துவர் வேறு, நாங்கள் கேட்பவர் வேறு. பள்ளி உளவியலாளர் மாத்திரை எழுதுகிறவர் இல்லை. வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பார். பதிவேட்டைப் பார்ப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தால் படம் வரையச் சொல்லி, விளையாட விட்டு, அதில் வருவதைக் கவனிப்பார். எழுத்தைப் புரட்டி எழுதுகிற பிள்ளை சோம்பேறியா அல்லது கற்றல் குறைபாடு உள்ளதா என்று சோதித்துச் சொல்வார். இது பெரிய காரியம், ஐயா. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுகிற ஆளும் தருகிறார்கள். டவுன் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் அதை வாங்கிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். ஆசிரியரிடம் "காலைக் கீழே போடு என்று சொல்லாதீர்கள், மழை பெய்தால் அவனை ஜன்னலை விட்டுத் தள்ளி, கூட்டாளி பக்கத்தில் உட்காரவையுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலைதான். அதற்கு மேல் மருந்து தேவை என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமே என்று அலுவலகத்தில் சொல்வார்கள். தயவுசெய்து இதைக் கூடுதல் பொறுப்பாக யார் தலையிலும் கட்ட வேண்டாம். தேர்வில் மார்க் போடுகிறவரிடமும் டி.சி. எழுதுகிறவரிடமும் பிள்ளை மனசு விட்டுப் பேசாது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எங்கள் பக்கத்தில் பிள்ளை வாய் திறக்கும் முன்பு எதிரில் இருப்பவர் எந்த ஊர், எந்த ஆள் என்று கணக்குப் போடும். எதிரில் இருப்பவரும் போடுவார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த மாணவன் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்தான் என்று அப்போது செய்தியில் படித்ததுதான், எங்கள் பதிவேட்டின் செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது என்று சொன்ன அதே அறிக்கை, பள்ளி நல அலுவலர் என்றொரு பணியிடத்தையும் பரிந்துரைத்தது. கயிறு அறுக்கிற வேலை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அலுவலர் இன்னும் வரவில்லை.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று அளித்த தீர்ப்பில், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அதைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் 100 அல்ல, 600 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள்.

ஆகவே, அந்தக் கண்காணிப்புக் குழு நம் மாவட்டத்தில் அமைந்திருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குத் தெரியப்படுத்தவும், இல்லையென்றால் அமைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கு ஒருவர் என்பது உடனே ஆகாது என்று எனக்கும் தெரியும். மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். முதலில் ஒன்பது பேர் போதும். முதுகலை உளவியலோ மருத்துவ உளவியலோ படித்தவராக, முடிந்தவரை வெளியூர்க்காரராக, இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கு எந்தக் கிழமை என்று பலகையில் எழுதிப்போட்டு, அந்தக் கிழமை தவறாமல் வர வேண்டும். தேர்வு மாதத்தில் மட்டும் வருவது வேண்டாம். பள்ளியில் அவருக்குக் கதவு சாத்துகிற ஓர் அறை வேண்டும், அது தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் பழைய விளையாட்டுச் சாமான் அறை காலியாகக் கிடக்கிறது, வெள்ளையடிக்கிற செலவைப் பெற்றோர்கள் ஏற்றுக்கொள்கிறோம். பிள்ளை சொன்னதை அவர் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியதைத் தெரிவிக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லட்டும். மற்றது அந்த அறையோடு நிற்கட்டும்.

பணத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. கல்குவாரிகளிலிருந்து வரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி தங்கள் பொறுப்பில் இருக்கிறது, கல்வியும் சுகாதாரமும் அதில் முன்னுரிமை இனங்கள். குவாரி பாதிப்புள்ள ஊர்கள் அடங்கிய ஒன்றியங்களில் அந்த நிதியிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் உடனே தொடங்கலாம். மற்ற ஒன்றியங்களுக்கு நிரந்தரப் பணியிடம் கேட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்ப வேண்டுகிறேன். அதுவரைக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தில் உள்ள உளவியலாளரை மாதம் இரண்டு நாளாவது எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும்.

ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பு ஒருவர் வந்து அந்தப் பையனோடு ஒருதரம் பேசிவிட்டால் நல்லது. கத்தரி இப்போது என்னிடம் இருக்கிறது. ஆச்சியிடம்தான் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கிவந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி
(கையொப்பம்)

இடம்: சேரன்மகாதேவி வட்டம்
நாள்: 08.09.2025