குடிக்காத சோடிக்கு ஆல் இன்க்ளூசிவ் நட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் குளிர்கால விடுமுறை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். கரீபியன் தீவுகளின் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகள் (அறை, சாப்பாடு, குடி எல்லாம் ஒரே காசுக்குள் அடக்கம்) குடிக்கிறவர்களுக்குத்தான் இலாபம், குடிக்காத சோடிகள் போனால் அடுத்தவன் குடிக்கிற ரம்முக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நானும் மனைவியும் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை மனைவி சைவம் வேறு. கட்டுரையாளரின் கணக்குப்படி எங்களைப் போல ஏமாந்த ஆட்கள் இருக்க முடியாது. ஆனால் பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் புந்தா கானாவில் ஏழு இரவு தங்கிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். அந்தக் கணக்கோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

நாங்கள் எடுத்தது பவாரோ கடற்கரையில் ஒரு நடுத்தர ரிசார்ட். நாலு நட்சத்திரம் என்று போட்டிருந்தது, வாசலில் மாபிளும் பூச்சாடியும் ஒன்றும் பெரிதாக இல்லை. ரொறன்ரோவிலிருந்து போய்வர டிக்கெட், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, விமான நிலைய பஸ், வரி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 1,600 கனடா டொலருக்குக் கொஞ்சம் மேலே. அதே வாரத்துக்கு ஐந்து நட்சத்திரத்தில் இன்னும் ஆயிரம் கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கட்டுரையாளர் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ், எத்தனை பியர் என்று பெருக்கிப் பார்த்து, அவ்வளவும் உள்ளே போனால்தான் போட்ட காசு திரும்பும் என்கிறார். போட்ட காசை வயிற்றால்தான் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. கலியாண ஹோல்களில் அன்பளிப்பு என்வலப்பைக் கொடுத்துவிட்டு இறால் தட்டைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தவன் நான்.

இந்த ஏற்பாடு குடிக்காகத் தொடங்கியதும் இல்லை. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஜெரார் ப்ளிட்ஸ் என்பவர் கூடாரம் அடித்து கிளப் மெட் என்ற விடுமுறை முகாமைத் தொடங்கினார். சாப்பாடும் விளையாட்டும் காசுக்குள் அடக்கம். பாரில் குடிப்பதற்குத் தனிக்காசு, பிற்பாடு அதற்கென்று மணிகள் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே காசுக்குள் போட்டுச் சோடிகளைக் கூப்பிடுகிற வழக்கம் கரீபியனில் ஜமைக்காவில்தான் பெரிதானது, சோடிகளுக்கான சாண்டல்ஸ் ரிசார்ட் அங்கே தொடங்கியது 1981இல். சரி, வரலாறு போதும்.

எங்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். இருபத்தேழு வருசம் நான் இரவு வேலை, மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பகல் வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒருவர் நடுவில் எழும்பிப்போய் அடுப்பைப் பார்க்காமல், ஒரு வாரம் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. முதல் நாள் காலையில் பஃபேயில் சாப்பிட்டு முடிந்ததும் மனைவி பழக்கத்தில் தட்டுகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேல்தட்டில் ஒரு பக்கமாக வைத்து, கடதாசித் துவாயால் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். பரிமாறுகிற பெண்பிள்ளை அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து, சிரித்துக்கொண்டே அடுக்கைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அதே இழுபறி. மூன்றாம் நாள் மனைவி தட்டை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான். இதற்கு எத்தனை பியர் விலை போடலாம் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இன்னொன்று, எங்கள் இலங்கைத் தமிழ் தெரிந்தவருக்கு அங்கே ஸ்பானிய மொழி பாதி வந்துவிடும். பேக்கரி மூலையில் நின்றவர் "பான், பான்" என்று கூப்பிட, மனைவி என் கையைப் பிடித்து, "இஞ்சாருங்கோ, இது எங்கட பாணெல்லோ" என்றார். அப்புறம் அதே விளையாட்டுத்தான். மேசை அங்கேயும் மேசா, சப்பாத்து சபாத்தோ, அலுமாரி அர்மாரியோ, துவாய் தோஆயா. எங்களுக்கு இதெல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை, இவர்களுடையது ஸ்பானியம், ஒன்றுவிட்ட சகோதரங்கள் மாதிரி. குசினிக்கு, அதுதான் சமையலறைக்கு, அவர்கள் கொசினா என்கிறார்கள் என்று தெரிந்தபோது மனைவி, "அந்தச் சொல்லை மட்டும் இந்தக் கிழமை சொல்லாதேங்கோ" என்றார். சொல் என்றதும் ஊரின் பெயரும் ஞாபகம் வருகிறது. அங்கே விமான நிலையத்துக்கே ஓலைக்கூரைதான். கானா என்பது அங்கே கூரை வேய்கிற ஒருவகைப் பனை, ஊரின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் எழுதியது பாதி சரி. உறைப்பு என்பது அங்கே கிடையாது, மிளகாய்த்தூள் போத்தல் கொண்டு போங்கள், நாங்கள் கொண்டு போனோம். ஆனால் சைவத்துக்கு ஒன்றுமில்லை என்பது தவறு. காலையில் மங்கூ என்று வாழைக்காயை அவித்து மசித்து மேலே வெங்காயம் போட்டு வைப்பார்கள், வாழைக்காய்த் துண்டுகளைப் பொரித்து, தட்டையாக்கி, மறுபடி பொரித்த தொஸ்தோனஸ் இருக்கும், மரவள்ளி இருக்கும், சோறு இருக்கும். சிவப்பு அவரைக் கறியில் மட்டும் கவனம், இறைச்சித் துண்டு போட்டுச் சமைப்பதும் உண்டு. "சின் கார்னே" என்று கேட்டால் இறைச்சி இல்லாதது எது என்று காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை ஒரு சமையற்காரர் தனியாக வாழைப்பழத்தைப் பொரித்துக் கொண்டுவந்து தந்தார், நாங்கள் கேட்கவேயில்லை.

முட்டாள்தனமாக ஒன்று செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். காசுச் செலவுக்குப் பயந்து கைத்தொலைபேசியின் இணைப்பை விமானத்தில் நிறுத்தினபடியே வைத்திருந்தேன், அது ரொறன்ரோ நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அங்கே நேரம் ரொறன்ரோவைவிட ஒரு மணித்தியாலம் முன்னே. முன்பதிவு செய்துதான் போகலாம் என்ற இத்தாலிய உணவகத்துக்கு ஏழு மணிக்கு என்று வடிவாக உடுத்துப் போய் நின்றால் அங்கே எட்டு, எங்கள் மேசையில் வேறு சோடி. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது சொன்னதைவிட மோசம்.

அறைக் குளிரூட்டி இரண்டாம் இரவு ஒழுகியது, இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஆள் வந்தார். காலை ஆறரைக்கே கதிரைகளில் துவாயைப் போட்டு இடம் பிடித்துவிட்டு பத்து மணிவரை நித்திரை கொள்கிறவர்களும் உண்டு (கனடியர்தான், மறைப்பானேன்). நடுத்தர விலைக்கு இதெல்லாம் வரும். ஐந்து நட்சத்திரத்திலும் ஒழுகும் என்று என் மைத்துனர் சொல்கிறார்.

கட்டுரையில் எழுதாமல் விட்ட பெரிய விஷயம் நேரப்பங்கு விற்பனை, அதாவது வருசத்தில் ஒரு கிழமை தங்குகிற உரிமையை விற்பது. வந்த அன்றே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் மிகப் பிரியமாகக் கதைத்து, நாளைக் காலை தனிச் சாப்பாடு, ஒரு பரிசு, ஒன்றரை மணித்தியாலம் மட்டும் என்றார். போனோம். மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். ஒருவர் விலை சொல்ல, அவர் எழும்பிப்போக, அடுத்தவர் வந்து குறைத்துச் சொல்ல, மூன்றாவது ஆள் பாதிக்கு வந்துவிட்டார். கடைசியில் மனைவி தமிழில் என்னிடம், "எங்கட ஊரில வீடு பூட்டிக் கிடக்குது, அதைப் பார்க்கவே ஆளில்லை. இஞ்ச வருசத்துக்கு ஒரு கிழமைக்கு இன்னொண்டு எதுக்கு?" என்றார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு ஃபைலை மூடினார். விடுமுறையில் ஒரு காலை போனது போனதுதான். "பரிசு" என்ற சொல்லைக் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கடல் எப்போதும் நீலம் என்று எழுதியதும் சரியில்லை. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அத்திலாந்திக்கிலிருந்து பெருமளவில் வந்து ஒதுங்குகிறது, அதிகமாக வசந்தத்திலும் கோடையிலும். கரையில் அழுகினால் கூழ்முட்டை மணம். நாங்கள் போன நேரம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். யூலையில் போன எங்கள் உறவுச் சோடி ஒன்று நீச்சல் குளத்தோடேயே நின்றுவிட்டுத் திரும்பியது. மலிவு விலை வருகிற யூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலமும்கூட. நீந்தத் தெரியாதவர்கள் பவாரோ பக்கம் பாருங்கள், வெளியே பவளப்பாறை அலையைத் தடுக்கிறது. வடக்கே ஊவெரோ ஆல்டோ பக்கம் அலை முரடு. கடற்கரை சட்டப்படி பொது, ஆகவே எவ்வளவு தூரமும் நடக்கலாம். நாங்கள் பின்னேரங்களில் அதைத்தான் செய்தோம். மற்ற ரிசார்ட்டின் பாரில் மட்டும், உங்கள் ரிசார்ட் விருந்தினர் என்று காட்டக் கையில் கட்டிவிடுகிற கைப்பட்டை செல்லாது, அது எங்களுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

எல்லாம் அடக்கம் என்பதால் பணப்பையே வேண்டாம் என்ற வரியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தத் தட்டைப் பறித்த பிள்ளைக்கும், அறை துப்புரவாக்கிறவருக்கும், பெட்டி தூக்குகிறவருக்கும் என்ன கொடுப்பீர்கள்? கனடாவில் ஒரு டொலரும் இரண்டு டொலரும் நாணயக் குற்றிகள். அவற்றை அங்கே எந்த வங்கியும் மாற்றித் தராது, வாங்கினவர் அடுத்த கனடியரைத் தேடிப்பிடித்துத் தாளாக மாற்ற வேண்டும். ஒருவர் எங்களிடமே பத்துக் குற்றியை நீட்டி ஒரு தாள் தரமுடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். புறப்படுமுன் வங்கியில் ஒரு டொலர் அமெரிக்கத் தாளாக நாற்பது, ஐம்பது எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். நுழைவுப் படிவத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்று கட்டுரையில் இருந்தது. டொமினிக்கன் அரசின் இ-டிக்கெட் படிவம் இலவசம், போகும்போதும் திரும்பும்போதும் தேவை. சுற்றுலாப் பயணிக்கான 10 அமெரிக்க டொலர் கட்டணம் விமான டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. படிவம் நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்கிற தளங்கள் அரசுடையவை அல்ல. மார்ச் விடுமுறைக்குப் பலர் புறப்படுவார்கள், அடுத்த இதழிலாவது இதை ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்