திரைப்படச் சங்க ஆண்டறிக்கை: முடிவு தெரிந்த பிறகும் பார்த்த படங்கள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். நம் சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், அதனால் நான் படங்களைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

போன பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். ஆண்டு முழுக்க த்ரில்லர், பேய்ப் படம் என்ற இரண்டு வகை மட்டும், அதிலும் பெரும்பாலும் உறுப்பினர்களில் பலர் ஏற்கெனவே பார்த்த படங்கள். நிறையப் பேர் எதிர்த்தீர்கள். கொலை செய்தது யார் என்று தெரிந்துபோன படத்தை மறுபடி உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற த்ரில்லர் நல்ல த்ரில்லர் இல்லை. நாம் பார்த்த படங்களை இந்த ஒரு அளவுகோலை வைத்தே எடைபோட்டிருக்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் விவாத நேரத்தில் தாராளமாகப் பேசலாம்.

முதலில் திரையிட்டது 'அந்த நாள்'. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் எடுத்து 1954இல் வந்த படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு தமிழ்ப் படம் எடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் ரேடியோ எஞ்சினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ராஜனாக வரும் சிவாஜி கணேசன் படம் தொடங்கிய உடனே விழுந்து சாகிறார், அப்புறம் மற்றவர்கள் போலீசிடம் சொல்லும் கதைகளில்தான் அவரைப் பார்க்கிறோம், ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் வேறு ஒரு ஆளாகத் தெரிகிறார். முதல் தடவை பார்த்தவர்கள் யார் சுட்டது என்றே துப்பறிந்துகொண்டிருந்தார்கள். இது எனக்கு முதல் தடவை இல்லை, அதனால் குறிப்பிட்ட ஒருவரின் முகத்தை மட்டும் கவனித்தேன். யார் என்று எழுதினால் பார்க்காதவர்களுக்குப் படம் போய்விடும். முன்பு சாதாரணமாகத் தோன்றிய பார்வைகள், சின்னத் தயக்கங்கள், எல்லாவற்றுக்கும் இப்போது வேறு பொருள் இருந்தது. எழுபது வருடத்துக்கு முந்தைய படம் இந்த ஆண்டின் மிகச் சிறந்த திரையிடலாக அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு வேண்டாம் என்கிற கட்சிக்கு 'அந்த நாள்' பலம் சேர்த்தது என்றால், அதற்கு அடுத்து பார்த்த 'மூடு பனி' எதிர்க்கட்சியைப் பலப்படுத்தியது. 1980இல் வந்த பாலு மகேந்திரா படம், இளையராஜாவுக்கு நூறாவது படம். கடத்திக்கொண்டு வந்து வைத்திருக்கும் ஷோபாவின் எதிரில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறார். அந்தப் பாட்டை நாம் எல்லோரும் ரேடியோவில் எத்தனையோ தடவை காதல் பாட்டாகக் கேட்டு ரசித்திருக்கிறோம். படத்தில் அதைப் பாடுகிறவன் என்னவெல்லாம் செய்தவன் என்பது நமக்குத் தெரியும், ராகம் அவ்வளவு இனிமையாக ஓடுகிறது, எதிரில் இருப்பவள் எழுந்து போக முடியாது. பாட்டு வந்தாலே த்ரில்லர் தொய்ந்துவிடும் என்று நம்மில் சிலர் சொல்வதை இனி அப்படியே ஏற்க முடியாது. யார் பாடுகிறார், யார் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

'த்ரிஷ்யம்' (2013) பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, பல மொழிகளில் பார்த்து எல்லோருக்கும் மனப்பாடம். முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று இயக்குநர் ஜீத்து ஜோசப் மீது இருக்கும் பழைய குறையை மட்டும் நான் மறுக்கிறேன். கதை தெரிந்தவர்களுக்கு அந்த முதல் பாதிதான் விருந்து. போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிற ஒரு இடம் இருக்கிறதே, அது திரையில் வந்தபோது அரங்கில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. அந்த இரண்டு வகைப் பார்வையாளர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தது நன்றாக இருந்தது.

இந்த ஆண்டு அதிக நேரம் விவாதம் ஓடியது போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்துக்கு. தென்கொரியாவில் 1986க்கும் 1991க்கும் இடையில் நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்தது. 2003இல் படம் வெளியானபோது கொலைகாரன் யார் என்று யாருக்கும் தெரியாது. படத்தின் ஆரம்பத்திலேயே, வயல் ஓரத்தில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது, போலீஸ்காரர் கத்திக்கொண்டே நிற்கிறார். வழக்கு எப்படிப் போகப்போகிறது என்பதை அந்த ஒரு காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் யார் யாரையோ பிடித்து அடித்து உதைத்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார்கள். கடைசி ஷாட்டில் போலீஸ்காரராக நடித்த சாங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்க்கிறார். உண்மையான கொலைகாரனும் படத்தைப் பார்க்கக்கூடும், அவன் கண்ணை இந்தப் பார்வை சந்திக்க வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம்.

இப்போது நமக்கு ஆள் தெரியும். 2019இல் மரபணுச் சோதனையில் பிடிபட்டான், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் சிறையில் இருந்தவன். சட்டப்படி வழக்குத் தொடரும் காலக்கெடு 2006லேயே முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க வழியில்லை. அதைவிடக் கொடுமை, இதில் ஒரு கொலைக்காக வேறொருவர் சுமார் இருபது ஆண்டு சிறையில் இருந்துவிட்டார், 2020இல்தான் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று சொன்னது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஸ்டேஷன் அடிதடிக் காட்சிகளை முன்போல் பார்க்க முடிவதில்லை. முதல் முறை அதில் சில இடங்களில் சிரித்தவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை. முடிவு தெரிவதால் படம் குறையும் என்கிற வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

'ராட்சசன்' (2018) திரையிடலில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ராம்குமார் எடுத்திருக்கும் விதத்தில் வேகம் இருக்கிறது, ஜிப்ரான் இசை நரம்பை இழுத்துப் பிடிக்கிறது, முதல் முறை பார்த்த எல்லோரும் இருக்கை நுனியில்தான் இருந்தார்கள். ஆனால் இரண்டாம் முறை எனக்கு அது நிற்கவில்லை. கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் மிச்சம் இருப்பது துரத்தல், அவ்வளவுதான். அந்த ஆளின் இளமைக் கதையை உட்காரவைத்து விளக்கும்போது பயம் போய்விடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடல்களைக் கேமரா இவ்வளவு காட்ட வேண்டுமா என்று பெண் உறுப்பினர்கள் கேட்டார்கள், அந்தக் கேள்வியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். திரையிடலின்போது ஒருவர் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போனார். இனிமேல் எந்தப் படத்தில் எந்த மாதிரி வன்முறை வருகிறது என்று அழைப்பிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியும்.

சரி, பேய்ப் படங்களுக்கு வருகிறேன்.

இங்கே என் குறை ஒன்றே ஒன்று, சத்தம். அமைதியாக ஒருத்தி நடந்து போவாள், திடீரென்று காது கிழிகிற மாதிரி ஒரு ஒலி, நாம் துள்ளி விழுவோம். பலூன் வெடித்தாலும் துள்ளத்தான் செய்வோம், அதற்குப் பேய் எதற்கு? அரங்கில் ஒலியைக் குறைக்கச் சொல்லிப் பல உறுப்பினர்கள் கேட்டீர்கள், குறைத்தும் பார்த்தோம். குறைத்தபோது சில புதிய படங்களில் பயமே மிஞ்சவில்லை. விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) அப்படி இல்லை. எல்லோருக்கும் ஓடுகிற லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் மட்டும் ஓடாது. இதில் என்ன பயம் இருக்கிறது? ஒன்றும் இல்லை, முதல் தடவை அது ஒரு பழுது மாதிரிதான் தெரிகிறது. வேறு யாராவது கூட ஏறியதும் லிஃப்ட் ஒழுங்காக ஓடும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. வீட்டுப் பெண்கள் பார்க்கிற டிவி சீரியலில் அந்த வீட்டுக் கதையே ஓடத் தொடங்கியதும் பழக்கமான, தினமும் பார்க்கிற ஒரு பொருள் அன்னியமாகிவிடுகிறது. இருட்டு வேண்டாம், பாழடைந்த பங்களா வேண்டாம், பட்டப்பகலில் ஹாலில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் போதும். பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில் அந்த வீடு எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

'டிமாண்டி காலனி' (2015) இதே டிவியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது, ஒரே அறையில் மாட்டிக்கொண்ட நான்கு நண்பர்கள் என்கிற சின்ன எல்லைக்குள் அஜய் ஞானமுத்து நன்றாகவே விளையாடியிருக்கிறார். அறைக்குள் வந்த பிறகுதான் படம், அதற்கு முன்னால் உள்ளதைச் சுருக்கியிருக்கலாம்.

புதியவற்றில் மனதை நிறைத்தது ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' (2024). முழுக்கக் கறுப்பு வெள்ளை, விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்கள், ஒரு பாழடைந்த மனை. பேயைக் காட்டிப் பயமுறுத்துகிற எண்ணமே பெரிதாக இல்லை. மம்மூட்டி தாயக்கட்டையை உருட்டிச் சிரிக்கிறார், பந்தயமாக எதிரில் இருப்பவனின் காலத்தையே கேட்கிறார், அப்போதே அவன் இனி வெளியே போகமாட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதிகாரம் ஒரு மனிதனை வீட்டுக்குள் பூட்டிவைப்பதைப் பற்றிய படமாகத்தான் நான் அதைப் பார்த்தேன். மெதுவாக இருக்கிறது என்று பாதியில் சலித்தவர்களும் உண்டு. அந்த மெதுவை மாற்றினால் அந்த வீட்டில் அடைபட்ட உணர்வு வராது என்பது என் கருத்து.

நகைச்சுவைப் பேய்ப் படங்களை இந்த ஆண்டு ஒதுக்கிவைத்தோம். குடும்பத்தோடு பார்க்க அவைதான் ஏற்றவை என்று பலர் எழுதியிருந்தீர்கள், அதில் தவறில்லை. ஆனால் முதல் பாதி முழுக்க ஓட்டம், நடுவில் அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் முன்கதை, கடைசியில் பழிவாங்கல் என்று ஒரே அச்சில் இத்தனை படம் வந்தபிறகு அதில் விவாதிக்க எனக்குப் புதிதாக எதுவும் அகப்படவில்லை.

'சைக்கோ'வை (1960) விடவே முடியாது. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் கொண்டுவந்ததைக் கேட்டபிறகு மனம் மாறினார். அந்தக் காட்சி எல்லோருக்கும் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான். நான் பார்க்கச் சொல்வது அதற்கு அடுத்து வருவதை. தடயத்தை மறைக்க நார்மன் சேற்றில் தள்ளிய கார் முழுகிக்கொண்டே வந்து நடுவில் ஒரு கணம் நின்றுவிடுகிறது. நார்மனாக நடித்த ஆண்டனி பெர்கின்ஸ் முகத்தில் ஒரு பதற்றம். அரங்கில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கார் முழுக வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம். தடயத்தை மறைக்கிறவன் பக்கம் நம்மை ஹிட்ச்காக் எப்போது இழுத்தார் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் அது வெறும் கொலைக் கதையாக இருப்பதில்லை, நம்மைப் பற்றிய கதையும் ஆகிவிடுகிறது.

அந்தப் படம் வெளியானபோது தொடங்கியபின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் பிடிவாதமாக இருந்தார். நம் சங்கத்திலும் அதே விதியைக் கொண்டுவர வேண்டும் என்று செயற்குழு சார்பில் தீர்மானம் வைக்கிறேன். தாமதமாக வருகிறவர்கள் கைபேசி விளக்கைப் போட்டு இடம் தேடுவதால் 'அந்த நாள்' முதல் காட்சியையே பலர் தவறவிட்டார்கள், ராஜன் எப்படி விழுந்தான் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு நேரத்துக்கு அடைக்கப்படும், உடல்நலக் காரணம் இருந்தால் முன்கூட்டிச் சொன்னால் கடைசி வரிசையில் இடம் வைக்கிறோம். அதோடு, ஏற்கெனவே பார்த்தவர்கள் இடைவேளையில் முடிவைப் பேசக்கூடாது. இது தொடர்பாக வந்த புகார்கள்தான் இந்த ஆண்டு அதிகம்.

வரும் ஆண்டுக்குப் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை. என் சார்பில் ஒரே ஒரு பரிந்துரை, ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931). கொலைகாரன் வருவதற்கு முன்னால் அவன் விசிலடிக்கும் மெட்டு வருகிறது, பலூன் விற்கும் பார்வையற்ற ஒருவர் அந்த மெட்டை வைத்தே அவனை அடையாளம் காண்கிறார். ஒலியை எங்கே வைக்க வேண்டும் என்று இன்றைக்குப் பேய்ப் படம் எடுக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மற்றப் படங்களை உறுப்பினர்களே எழுதிக் கொடுங்கள், படத்தின் பெயரோடு அதை ஏன் இரண்டாம் முறை பார்க்கலாம் என்று ஒரு வரியாவது சேர்த்து எழுதுங்கள்.

திரையிடல்களுக்கு ஒலி, ஒளி பார்த்துக்கொண்டவர்களுக்கும், வசனத் துணைத்தலைப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களுக்கும், எதிர்க் கருத்தை விடாமல் எழுதி அனுப்பியவர்களுக்கும் நன்றி. சந்தா புதுப்பிக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள். இந்த அறிக்கையையும் கதவடைப்புத் தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்