சும்மா வந்த புத்தகமும் எழுதாமல் விட்ட வரியும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. நல்ல கோபத்தில் எழுதியிருக்கிறாய். பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, 'பெயர் மட்டும் போடாதீர்கள் அண்ணா' என்றாய். சரி, போடவில்லை.

ஒரு பதிப்பகம் உனக்கு ஒரு நாவலை அனுப்பியது. படித்தாய், பிடித்திருந்தது, இணையத்தில் நீளமாக எழுதினாய். 'வாங்கிப் படித்தீர்களா, சும்மா வந்ததா?' என்று ஒரு வாசகர் கேட்டார். சும்மா வந்தது என்றாய். 'அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்று அவர் எழுதியதும் உனக்குச் சுருக்கென்றது. 'ஒரு புத்தகத்துக்காக என் கருத்தை விற்பேனா?' என்று இப்போது என்னிடம் கேட்கிறாய்.

விற்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லையே. புத்தகம் உன் கைக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்டார். உன் காதில் அது 'நீ திருடன்' என்று விழுந்திருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் விழுந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு முதல் பார்சல் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உறையின்மேல் என் பெயர். உள்ளே புத்தகம். முதல் பக்கத்தில் ஆசிரியரின் கையெழுத்து, கூடவே 'உங்கள் வாசிப்புக்கு, அன்புடன்' என்று ஒரு வரி. விலை என்ன என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. என்னையும் ஒரு ஆளாக மதித்து அனுப்பியிருக்கிறார்களே என்பதுதான் தலைக்கு ஏறியது. நாவலின் முதல் பாதி உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியில் கதை எங்கெங்கோ அலைந்தது, பக்கங்களைத் தள்ளித் தள்ளித்தான் முடித்தேன். எழுத உட்கார்ந்தபோது முதல் பாதிக்கு ஐந்து பத்தி வந்தது. இரண்டாம் பாதிக்கு ஒரு வரி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் அழித்தேன். கடைசியில் வெளியான மதிப்புரையில் தேடினாலும் ஒரு பொய் கிடைக்காது. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. புத்தகம் எப்படி வந்தது என்பதும் இல்லை.

சில வாரம் கழித்து, என்னை நம்பி அதை வாங்கிய ஒருவர் எழுதிக் கேட்டார்: 'கடைசிவரை படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?' நான் பதில் போடவில்லை. என்ன போடுவது?

காசு வாங்கிக்கொண்டு பொய் எழுதுகிறவர்கள் வேறு ரகம். அவர்களைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்களிடம் இலவசப் புத்தகம் அப்படி வேலை செய்வதில்லை. அது பேனாவைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். 'சலிப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நிதானமான நடை' என்று வருகிறது. 'பாத்திரங்கள் ஒட்டவில்லை' என்பது 'இன்னும் விரித்திருக்கலாம்' என்று குழைகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்குச் செஞ்சோற்றுக் கடன் புதிதா என்ன? நல்ல குணம்தான், எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். மதிப்புரையில் மட்டும் அது வாசகனின் காசில் தீர்க்கப்படுகிறது. இதில் சிக்கல், அது நடப்பது எழுதுகிறவனுக்கே தெரியாது. நீ உன்னை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சரி, 'எனக்குப் பாதிப்பில்லை' என்று சான்றிதழ் கொடுக்கக்கூடிய கடைசி ஆள் நீதான். வாசகனிடம் சொல்லிவிட்டால் எவ்வளவு கழித்துக்கொள்வது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

'பத்திரிகைகள் காலங்காலமாக மதிப்புரைப் பிரதி வாங்கித்தானே எழுதுகின்றன, அவர்கள் எங்கே சொன்னார்கள்?' என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அங்கே பிரதி அலுவலகத்துக்குப் போகிறது. யார் எழுதுவது என்று இன்னொருவர் தீர்மானிக்கிறார், எழுதியதை வேறொருவர் வெட்டுகிறார். பிரதி இலவசமாக வரும் என்பது பெரும்பாலான வாசகர்களுக்கும் தெரியும். உன் விஷயத்தில் பார்சலைப் பிரிப்பதும் நன்றி சொல்வதும் மதிப்பிடுவதும் ஒரே கை. நடுவில் ஆள் கிடையாது. அதற்காக அச்சுக்காலம் சுத்தமாக இருந்தது என்று நினைத்துவிடாதே. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் தொகுப்புக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரைகள் எழுதி வெளியிட்டார், அதுவும் தாராளமான புகழ்ச்சியோடு. 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறு வந்து, புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்தன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே புகழ்ந்திருந்த எழுத்தாளர்கள் சிலர் அதில் அகப்பட்டார்கள். உன்னிடம் கேள்வி கேட்ட அந்த வாசகரின் சந்தேகம் இன்று நேற்று முளைத்ததில்லை.

விதிகளைப் பற்றியும் கேட்டாய். சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, இலவசப் பொருள் வாங்கிக்கொண்டு இணையத்தில் எழுதுகிறவர்களும் அந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்றது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கேட்காமலே வந்த இலவசப் பொருளையும் சொல்ல வேண்டிய தொடர்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 'நான் கேட்கவில்லை, அவர்களாக அனுப்பினார்கள்' என்று நீ எழுதியிருந்தாயே, அது அங்கே செல்லாது. அமேசான் 2016 அக்டோபரில், இலவசப் பொருளுக்கு ஈடாக மதிப்புரை எழுதுவதைத் தானே நடத்தும் மதிப்புரைத் திட்டத்துக்கு வெளியே தடை செய்தது. புத்தகங்களுக்கு மட்டும் விலக்கு. புத்தகம் வெளியாகும் முன்பே பிரதி அனுப்புவது நெடுநாள் வழக்கம் என்பதால் அதைத் தொடர விட்டார்கள். ஆனாலும் பிரதி கொடுத்தவர் பதிலுக்கு மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்று கேட்கக்கூடாது.

இங்கேதான் எனக்குப் பிடிக்காத ஒரு சொற்றொடர் வருகிறது. 'நேர்மையான மதிப்புரைக்கு ஈடாக இந்தப் பிரதி வழங்கப்பட்டது.' ஆயிரம் இடத்தில் பார்த்திருப்பாய், நீயும் இதைத்தான் போட நினைத்திருப்பாய். போடாதே. 'ஈடாக' என்றால் புத்தகம் கூலி ஆகிவிடுகிறது, நீ எழுதியே தீர வேண்டிய கடன்காரன் ஆகிவிடுகிறாய். 'நேர்மையான' என்று வேறு அடித்துச் சொன்னால், மற்ற நாட்களில் எப்படி என்று குறும்புக்காரர் யாராவது கேட்பார். பேசுகிற மாதிரியே எழுது: 'இந்தப் புத்தகத்தைப் பதிப்பகம் எனக்கு இலவசமாக அனுப்பியது. எழுத வேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை.' ஆசிரியர் உன் நண்பர் என்றால் அதையும் சேர்த்துக்கொள். என்னைக் கேட்டால், இலவசப் பிரதியைவிட நட்புதான் பெரிய பாரம். நண்பர்களின் புத்தகங்களை விலை கொடுத்தே வாங்கி எழுதியவற்றில்தான் நான் அதிகமாக மழுப்பியிருக்கிறேன்.

எங்கே போடுவது? தலைப்புக்குக் கீழே, முதல் பத்திக்கு மேலே. 'என்னைப் பற்றி' பக்கத்தில் ஒருமுறை பொதுவாக எழுதிவைத்தால் போதாதா என்று கேட்பாய். போதாது, அந்தப் பக்கத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்? மதிப்புரையின் அடியில் போட்டால், படித்து முடித்துப் புத்தகத்தையும் வாங்கிய பிறகுதான் வாசகர் கண்ணில் படும். பதினைந்து ஹேஷ்டேகுக்கு நடுவே ஒளித்து வைப்பது அதைவிட மோசம். காணொளியில் பேசினால் வாயால் சொல், தொடக்கத்திலேயே. அப்புறம், அந்தப் பதிவில் 'வாங்க' என்று ஒரு இணைப்பு வைத்திருக்கிறாய். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் உனக்குக் கமிஷன் வரும் என்றால் அதுவும் ஒரு வரி. இலவசப் பிரதியைச் சொல்லிவிட்டுக் கமிஷனைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. எனக்கென்னவோ பின்னதுதான் கூடுதலாக உறுத்துகிறது, ஏனென்றால் அது புத்தகம் விற்றால்தான் வரும் காசு.

வெளியாகும் முன்பே வரும் பிரதி என்றால் இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் மெய்ப்பு முழுதாகத் திருத்தப்படாத பிரதி. கடைக்கு வரும் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே மாறியிருக்கலாம். எந்தப் பிரதியைப் படித்தாய் என்று சொல்லிவிடு. மேற்கோள் காட்டுவதானால் இறுதிப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டுக் காட்டு. அச்சுப்பிழையை அடுக்கிக் கிண்டல் செய்யாதே. ஒருமுறை நான் செய்தேன். கடைக்கு வந்த புத்தகத்தில் அதில் ஒரு பிழைகூட இல்லை. அசடு வழிந்தது நான்தான்.

ஒரு எச்சரிக்கை. இலவசப் பிரதி என்று சொல்லத் தொடங்கியதும், விலைபோகவில்லை என்று காட்டுவதற்காகவே தேவைக்கு அதிகமாகக் குத்தத் தோன்றும். எனக்கு அந்தக் கட்டம் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. அப்போது எழுதியவற்றை இன்று படித்தால் அந்த ஆசிரியர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. அதுவும் புத்தகத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்து எழுதியதுதான்.

ஒரு வரியால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. பார்சல்கள் வரத் தொடங்கிய பிறகு என் வாசிப்புப் பட்டியலே மாறிப்போனது. அந்த ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தேன். நான் எழுதிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை வீட்டுக்கு வந்த புத்தகங்களைப் பற்றியவை. நானாகத் தேடிப் போய் எடுத்தவை விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. ஒவ்வொரு மதிப்புரையும் தனித்தனியே நேர்மையாக இருந்திருக்கலாம். எதைப் பற்றிப் பேசுவது என்பதை மட்டும் தபால்காரர் தீர்மானித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு இலவசப் பிரதிக்கு எழுதினால் அடுத்ததை நானே வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ எழுதுகிறேன். பெரிய கொள்கை ஒன்றுமில்லை, அடிக்கடி தவறியும் விடுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த மதிப்புரையை நீக்காதே. மேலே ஒரு வரி சேர், எந்தத் தேதியில் சேர்த்தாய் என்பதையும் போடு. கேள்வி கேட்டவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை எழுது, விளக்கம் கொடுக்காதே. அப்புறம் மதிப்புரையை ஒருமுறை மறுபடி படித்துப் பார், அழித்துவிட்ட வரி ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று.

கடைசியாக, பாதியில் மூடிவிட்ட அந்த இன்னொரு புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 'முடிக்க இயலவில்லை, எழுதப்போவதில்லை' என்று அனுப்பியவருக்கு இரண்டு வரி போட்டுவிடு, காத்திருக்க வைக்காதே. இதை உனக்குச் சொல்லும் என் அலமாரியில் அப்படி இரண்டு புத்தகங்கள் ஐந்து மாதமாகக் கிடக்கின்றன. இன்னும் யாருக்கும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு அதைத்தான் செய்யப்போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்